பன்னிரண்டு பீப்பா மின்சாரம்

என் கணவர் சூரியனிலிருந்து மின்சாரம் எடுத்தவர். எவ்வளவு எடுத்தார் என்று கேட்காதீர்கள். நான் கணக்கு டீச்சர், கேட்டால் சொல்லிவிடுவேன்.

எண்பதுகள் தொடங்கிய நேரம். எங்களுக்குக் கலியாணம் முடிந்து நாலாவது வருஷம். சீனக்குடாப் பக்கம், உள்துறைமுகத்துத் தண்ணீர் வேலிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு வளவில் வாடகைக்கு இருந்தோம். வீடு சின்னன், வளவு பெரிது. கரண்ட் கம்பி பெரிய றோட்டோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். அவர் படகு திருத்தும் பட்டறை ஒன்றில் ஒட்டுவேலை செய்தார். இரும்பை இரும்போடு ஒட்டச் சொன்னால் ஒட்டுவார், சொல்லாவிட்டாலும் ஒட்டுவார். பிள்ளைகள் அப்போது இல்லை. ஆகவே நான் பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளை வீட்டில் ஒன்றுதான், அவர்.

ஒரு நாள் வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் இரும்பு ஏணியை ஒட்டிக்கொடுக்கப் போனவர், கப்பல் குசினியில் குப்பைக்கு வைத்திருந்த ஒரு பழைய சஞ்சிகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சட்டை மாற்றவில்லை, கை கழுவவில்லை.

"இஞ்சேரும், இதை ஒருக்காப் பாரும்."

ஸ்பெயின் தேசத்தில் ஒரு வெட்டவெளி. நிலத்துக்கு மேலே ஆளுயரத்தில், ஊரளவுக்கு வட்டமாக ஒரு பளபளப்பான கூரை. அதன் நடுவிலிருந்து ஒற்றைக் குழாய் ஒன்று வானத்துக்குப் போகிறது. பக்கத்தில் அதையே வெட்டிக் காட்டும் கோட்டுப்படம், அம்புக்குறிகளோடு.

"வெயில் கூரைக்குள்ளாலை போய் நிலத்தைச் சுடுது. நிலம் காத்தைச் சுடுது. சூடான காத்துக்குப் பாரம் குறையும், அது நடுவுக்கு ஓடிக் குழாய்க்குள்ளாலை ஏறும். ஏறுற வழியிலை ஒரு விசிறி. விசிறி சுத்தினாக் கரண்ட்."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை. அம்புக்குறியைப் பார்த்தனான்."

எழுத்து ஜெர்மன் மொழி என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் இலக்கத்தை எந்த மொழியிலும் வாசிக்கலாம். படத்தில் குழாயின் உயரம் போட்டிருந்தது. எங்கள் கோணேசர் மலை உச்சியில் ஏறி நின்றாலும் அந்தக் குழாயின் நுனியை அண்ணாந்துதான் பார்க்கவேண்டும். அதைச் சொன்னேன்.

"அப்ப நாங்கள் சின்னனாச் செய்வம்," என்றார், ஏதோ தோசை சுடுகிற விஷயம்போல.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து உட்கார்ந்தேன். பௌதிகம் எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரியாததைப் பக்கத்து வகுப்புப் பௌதிக மாஸ்டரிடம் கேட்டேன். விஷயம் இவ்வளவுதான். கூரை எவ்வளவு அகலமோ அவ்வளவு வெயில் பிடிபடும். ஆனால் பிடித்த வெயிலைக் காற்றாக ஓடவைப்பது குழாயின் உயரம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் பலன். ஒன்றைச் சின்னனாக்கினால் மற்றது எவ்வளவு முக்கினாலும் பிரயோசனமில்லை. எங்களிடம் வெயில் இருந்தது, இந்த நாட்டுக்கே பகிர்ந்து கொடுக்கலாம். உயரம்தான் இல்லை. அவர் சொன்ன அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வளவின் பாதியைக் கூரையால் மூடி, தென்னைமரத்தோடு போட்டிபோடும் குழாய் ஒன்றை நட்டால், உச்சி மத்தியானத்தில் ஒரு டோர்ச் பல்ப் எரியும்.

"உம்மட கணக்கு என்ன சொல்லுது?"

"ஒரு டோர்ச் பல்ப். அதுவும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு."

நான் எதிர்பார்த்தது அவர் சோர்ந்துபோவார் என்று. அவர் கதிரையிலிருந்து எழும்பியே விட்டார்.

"அப்ப எரியும் எண்டு சொல்லுறீர்!"

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வளவுக்கு இரும்பு வந்துகொண்டிருந்தது. றோட்டுக்குத் தார் போட்டவர்கள் விட்டுப்போன வெறும் பீப்பாக்கள் பன்னிரண்டு. பட்டறையிலிருந்து காஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து, அடியை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஒட்டினார். கண்டல் கம்புகளை நட்டு, அதன் மேல் பொலித்தீன் விரித்துக் கூரை போட்டார். நிலம் கறுப்பாக இருந்தால் வெயிலைக் கூடக் குடிக்கும் என்று நான் சொன்னது என் பிழை. திரியாய்க்கு அங்கால் கடற்கரையில் கறுப்பு மணல் இருக்கிறது. தெரிந்த லொறிக்காரன் ஒருவனைப் பிடித்து நாற்பது சாக்கு இறக்கிவிட்டார். நான் நட்டிருந்த கத்தரியும் பயற்றையும் மணலுக்குக் கீழே போயின. குழாயை நிமிர்த்திய அன்று பட்டறையிலிருந்து எட்டுப்பேர் வந்து, தென்னையில் கப்பி கட்டி, படகுக் கயிறு போட்டு இழுத்தார்கள். அது ஒருமுறை வீட்டுப்பக்கம் சாய்ந்தது. நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வெளியே எல்லோரும் ஒரே குரலில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒருநாள்தான்.

நின்ற பிறகு அது பார்க்க அழகாக இருந்ததென்று சொல்லமாட்டேன். ஊரில் பாதிப்பேர் கசிப்புக் காய்ச்சும் குழாய் என்று நம்பினார்கள். இரண்டுபேர் வெறும் போத்தலோடு வந்தும் விட்டார்கள். விஷயத்தை விளங்கப்படுத்தினேன். ஒருவர் நம்பாமல், "பரவாயில்லை டீச்சர், பிறகு வாறம்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

குழாயின் அடியில் தகரத்தில் வெட்டிய விசிறி. விசிறியோடு சைக்கிள் டைனமோ. டைனமோவிலிருந்து இரண்டு வயர் எங்கள் முன்கதவு நிலைவரைக்கும். அங்கே பல்ப். எல்லாம் பூட்டி முடிந்தபோது கச்சான் காற்று எடுக்கத் தொடங்கியிருந்தது. கச்சான் என்றால் மேற்கேயிருந்து மலை தாண்டி வரும் அந்த வறண்ட காற்று. திருகோணமலையில் அது நாலைந்து மாதம் கண்ணிலும் சோற்றிலும் மண்ணைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

பல்ப் எரிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், நான் கணக்குப் பார்த்ததைவிட நன்றாகவே எரிந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, மண் விழுந்துவிட்டது என்றார். கச்சான் காலத்தில் ஆம்பிளைகளுக்கு அந்த ஒரு வசதி.

அன்றிரவே கொழும்பில் மின்சார வேலையில் பெரிய இடத்தில் இருந்த ஓர் எஞ்சினியருக்குக் கடிதம் எழுதினார். பட்டறை முதலாளிக்குத் தூரத்துச் சொந்தக்காரர் அவர்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு நான் பல் விளக்க வெளியே வந்தேன். சூரியன் இன்னும் வரவில்லை. பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்தவரிடம் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீரா! மணல் பகல் முழுக்கச் சூட்டைப் பிடிச்சு வைச்சு விடியவிடியக் குடுக்குது. அந்தப் புத்தகத்திலையும் அப்பிடித்தான் இருக்கும்."

இருக்கலாம். ஆனால் அவர் வேலைக்குப் போன பிறகு நான் கூரைக்குள் குனிந்துபோய் மணலில் கை வைத்தேன். குளிர்ந்துபோய்க் கிடந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்து வெப்பமானியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, விடியவே கூரைக்கு உள்ளேயும் வெளியேயும் பிடித்துப் பார்த்தேன். இரண்டு இடத்திலும் ஒரே சூடு. சூட்டில் வித்தியாசம் இல்லையென்றால் காற்று ஏற வேலையில்லை. பிறகு எது ஏற்றுகிறது? குழாயின் வாய்க்கு மேலால் கச்சான் பாய்ந்து போகும்போது உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு போகிறது. கீழே மேற்குப் பக்கத்துத் திறந்த ஓரத்தால் புகுந்து தள்ளியும் விடுகிறது. ஆகமொத்தம் என் கணவர் உலகத்திலேயே மிகவும் சிக்கலான காற்றாடி ஒன்றைச் செய்து வைத்திருந்தார்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் நேராகச் சொல்லத் தெரியவில்லை. அவர் காலையில் பாட்டுப் பாடிக்கொண்டு முகம் மழித்தார். பட்டறையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். வந்தவர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு கோப்பையிலும் கொஞ்சம் பொய்யும் ஊற்றினதுபோல் இருந்தது.

எட்டாம் நாள் கொழும்பிலிருந்து பதில் வந்தது. அந்த எஞ்சினியர் துறைமுகத்துக்கு வேறு அலுவலாக வருகிறாராம், வருகிற கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கும் வருவாராம். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது. பின்னேரம் என் கணவர் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து சொன்னேன். வெப்பமானியையும் மேசையில் வைத்தேன்.

அவர் வெப்பமானியை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறு நாள்."

"ஆறு நாளா நான் கதைச்சதெல்லாத்துக்கும் தலையாட்டினனீர்."

"ஓம்."

"கச்சான் எண்டு சொல்லியிருந்தா எனக்கு ஒரு நாள்தான் கவலை. இப்ப ஆறு நாளும் கவலை."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். அவர் எழும்பிப்போய்க் கோப்பையைக் கழுவி வைத்தார். நாலு வருஷத்தில் அவர் கோப்பை கழுவியது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் மண்தான் விழுந்தது.

மறுநாள் விடிய ஏணியில் ஏறி நின்றார். குழாயின் வாய்க்கு மேலே தகரத்தில் ஒரு தொப்பியும், அதைச் சுற்றிக் காற்று நேரே பாயாதபடி ஒரு வளையமும் ஒட்டினார். கீழே மேற்குப் பக்கம் முழுக்க மண் சாக்குகளை அடுக்கினார். "இனிக் கச்சான் ஒண்டும் செய்யேலாது. வெயில் சுத்தினாச் சுத்தட்டும்," என்றார். அதன் பிறகு விடியப்புறம் பல்ப் எரியவில்லை. பத்து மணிக்கும் எரியவில்லை. பன்னிரண்டு மணிக்கு மெல்லிய சிவப்பாக ஒரு நூல்போலத் தெரிந்தது. கொப்பியில் நான் போட்ட கணக்கைவிடக் கொஞ்சம் குறைவு.

கருவாட்டு நானா வந்தது இந்தக் கட்டத்தில்தான். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். கிண்ணியாக் கடற்கரையில் வாடி என்று ஒரு கொட்டில் போட்டுக் கருவாடு காயவைத்து விற்பவர். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் கடைக்குச் சாமான் கொண்டுபோவார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் படலையடியில் மறித்தார்.

"டீச்சர், இந்தப் பொலித்தீன் பந்தலுக்குள்ள நல்ல சூடுதானே?"

"நல்ல சூடு, நானா."

"மண் போகாதுதானே?"

"போகாது."

"இலையான்?"

அந்தக் காற்றோட்டத்தில் ஈ, இலையான் எங்கே நிற்கிறது என்றேன். நானா தலையைச் சொறிந்தார். கச்சானுக்கு அவருடைய கருவாட்டில் பாதி மண். வாங்குகிறவர்கள் பல்லைக் காட்டிச் சண்டைக்கு வருகிறார்களாம். இரண்டே இரண்டு நாள் கொஞ்சச் சூடை மீனை இதற்குள் வைத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

என் கணவரிடம் கேட்டால் மின்நிலையத்துக்குள் மீனா என்று குதிப்பார். ஆகவே கேட்கவில்லை. ஓம் என்றேன். வியாழக்கிழமை அவர் வேலைக்குப் போனபிறகு நானாவின் ஆட்கள் வந்து, கம்பித் தட்டுகளில் மீனைப் பரப்பிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரம் மேலதிக வேலை முடித்துக் களைத்து வந்தவர் வளவுப்பக்கம் போகவேயில்லை. ஒரு மணமும் இல்லாதபடியால் அவருக்குத் தெரியவும் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான், அடுத்தநாள் வரும் பெரியவருக்காகப் பொலித்தீனைத் துடைக்கப் போனவர் கண்டார்.

"இஞ்ச வாரும்! இதுக்குள்ளை ஆர் மீனை வைச்சது?"

சொன்னேன். இந்த முறை உடனேயே சொன்னேன்.

"எடுக்கச் சொல்லும்!"

"அரைவாசிதான் காய்ஞ்சிருக்கு. இப்ப எடுத்தாப் பழுதாப்போகும். அதோடை பாருங்கோவன், ஏதும் மணக்குதோ?"

அவர் மோப்பம் பிடித்தார். கூரையின் ஓரத்தில் நின்றார், உள்ளே குனிந்தார், விசிறியடியில் நின்றார். மணக்கவில்லை. ஓரங்களால் நல்ல காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மணத்தையெல்லாம் குழாய் மேலே கொண்டுபோய்விட்டது. "சரி, கிடக்கட்டும்," என்றார். மேலே போனது எங்கே போனது என்று இருவருமே யோசிக்கவில்லை.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு எஞ்சினியர் வந்தார். தலை நரைத்த, மெலிந்த மனிதர். தேத்தண்ணி வேண்டாம், முதலில் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு பீப்பாவின் ஒட்டையும் தொட்டுப் பார்த்து, "நல்ல வேலை," என்றார். என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் போனார். மீன் தட்டுகளைப் பார்த்தும் எஞ்சினியர் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆட்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கதவு நிலையடிக்கு வந்தோம். வெயிலில் பல்ப் எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. எஞ்சினியர் தன் குடையை விரித்து அதற்கு நிழல் பிடித்தார். மூன்றுபேரும் குடைக்குள் தலையை நுழைத்துப் பார்த்தோம். எரிந்தது. சூரியன் தலைக்குமேல் கொதித்துக்கொண்டிருக்க, அந்தச் சூரியனால் எரியும் விளக்கைப் பார்க்க மூன்று பெரிய மனிதர் ஒரு குடைக்குள் நின்றோம்.

"கணக்கு ஏதும் போட்டனீங்களோ?" என்று கேட்டார்.

கொப்பியைக் கொடுத்தேன். கதவடியில் நின்றபடியே முழுக்க வாசித்தார். பிறகு பேனையை எடுத்து ஓரிடத்தில் சின்னக் கோடு ஒன்று போட்டார். "டீச்சர், விசிறி காற்றை மறிக்கும் என்பதை நீங்கள் சேர்க்கவில்லை. மற்றதெல்லாம் சரி." பதினொரு வருஷம் பிள்ளைகளின் கொப்பியில் கோடு போட்ட எனக்குக் காது சிவந்தது. என் கணவருக்கு அந்த நிமிஷம் நல்ல சந்தோஷம் என்பதையும் கவனித்தேன்.

அப்போதுதான் படலையைத் தள்ளிக்கொண்டு கோயில் தலைவர் வந்தார். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே கால் மைலில் கோயில். திருவிழா நடந்துகொண்டிருந்தது, ஊர் முழுக்க மரக்கறி.

"இரண்டு நாளாக் கோயிலுக்குள்ளை கருவாடு மணக்குது!" என்றார் மூச்சு வாங்க. "வீடு வீடாக் குசினியைப் பார்த்தாச்சு. ஒரு வீட்டிலையும் இல்லை. ஆளையாள் சந்தேகப்பட்டுச் சண்டை. இண்டைக்கு ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறார்!"

அவர் கண் மெல்ல மெல்ல உயர்ந்து, எங்கள் குழாயின் நுனியில் போய் நின்றது. அதன் தொப்பிக்குக் கீழால் வெளியேறுவதை மேல்காற்று அப்படியே கிழக்கே தூக்கிக்கொண்டு போவது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

எஞ்சினியர் சிரிக்கத் தொடங்கினார். குடை நடுங்கும்படி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கணவரின் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீர் செய்த சாமான் வேலை செய்யுது. நல்லா வேலை செய்யுது. காத்தை இழுத்துக் கால் மைலுக்கு அனுப்பியிருக்கு, இதைவிட நல்ல அத்தாட்சி எனக்கு வேண்டாம். ஆனா இந்த உயரத்திலை அது கரண்ட் தராது. மீனைக் காயவைக்கும். விசிறியைக் கழட்டிவிட்டா இன்னும் கெதியாக் காயவைக்கும்."

கோயில் தலைவரிடம் நாங்கள் இருவரும் மன்னிப்புக் கேட்டோம். நானாவுக்கு ஆள் அனுப்பி ஒரு மணித்தியாலத்துக்குள் மீனை எடுப்பித்தோம். நானா ஒரு மீனை ஒடித்துப் பார்த்துவிட்டு, அது நன்றாகக் காய்ந்திருந்த சந்தோஷத்தில், தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வந்ததை மறந்து அவருக்கே ஒரு பார்சல் நீட்டினார். தலைவர் திருவிழா முடியட்டும் என்றார், மெதுவாக.

விசிறியைக் கழற்ற என் கணவருக்கு ஒரு கிழமை எடுத்தது. கழற்றுவது பத்து நிமிஷ வேலை. தினமும் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு போவார், பொலித்தீனில் ஒரு ஓட்டையை ஒட்டிவிட்டுத் திரும்பிவருவார். ஏழாம் நாள் டைனமோவைத் தன் சைக்கிளில் பூட்டிக்கொண்டு வந்து, "நல்லா எரியுது," என்றார். அவ்வளவுதான்.

குழாயை மூன்று துண்டாக வெட்டி நானாவிடம் கொடுத்தோம். கிண்ணியாவுக்கு அப்போது பாலம் இல்லை. இரண்டு வள்ளத்தை இணைத்துப் பலகை அடித்த மிதவையில்தான் கடக்கவேண்டும், அதைத்தான் பாதை என்போம். எங்கள் மின்நிலையம் இரண்டு மாட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு பாதையில் போனது. என் கணவர் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அக்கரையில் வாடிக்குப் பக்கத்தில், வீடும் கோயிலும் பள்ளிவாசலும் காற்று வரும் பக்கத்தில் இருக்கும்படி பார்த்து, திரும்பவும் ஒட்டி நிமிர்த்தினார். மீன் ஒன்றரை நாளில் காய்ந்தது. மண் இல்லை. முட்டாசு இனிப்பு மாதிரி நொறுங்குது என்று தோப்பூர்ச் சந்தைக்காரர் கேட்டு வாங்கினார்களாம்.

தார்ப்பீப்பா மெல்லிய தகரம். அடுத்த கச்சானுக்குள் உப்புக்காற்று அதை அரித்துச் சல்லடையாக்கிவிட்டது. நானா இவரைக் கேட்காமலே ஒரு மேசனைப் பிடித்துச் செங்கல்லில் புதிதாக ஒன்று கட்டினார். சதுரமாக. அது முந்தியதைவிட உயரம், முந்தியதைவிட நன்றாக இழுத்தது. கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை இவர் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். அதை மூன்றுமுறை சுற்றி வந்தார். ஓரத்தில் புகையிலைச் சுருட்டைப் பற்றவைத்துப் புகையைப் பிடித்துப் பார்த்தார். புகை வளைந்து உள்ளே ஓடியது.

"சதுரம்," என்றார் என்னிடம், ஏதோ உறவினர் வேறு சமயத்துக்கு மாறிவிட்ட செய்தியைச் சொல்வதுபோல.

நானா சோறும் மீனும் போட்டார். இவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு கையை நக்கிக்கொண்டே, மேசன் மூலைகளுக்குள் சீமெந்து பூசாமல் விட்டது பிழை, பூசினால் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்று நானாவுக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.